கைம்மையில் கிடைத்த ஆட்சி: கிளேர் சீமாட்டி எலிசபெத்

இடைக்கால இங்கிலாந்தில் உயர்குடிப் பெண்ணின் வாழ்க்கையை வகுத்தது நிலம். நாட்டின் நிலமெல்லாம் இறுதியில் மன்னருக்கே உரியது என்றும், பிரபுக்கள் அதைப் படைச்சேவைக்கு ஈடாக அவரிடமிருந்து பெற்று அனுபவிக்கிறார்கள் என்றும் 1066இல் நார்மானியர் வென்ற பின் வேரூன்றிய முறை கருதியது. ஒரு பிரபு இறந்தால் அவருடைய நிலம் முழுவதும் மூத்த மகனுக்குச் சென்றது. மகன் இல்லாத வீட்டில் மட்டும் மகள்கள் அனைவருக்கும் அது சமமாகப் பிரிக்கப்பட்டது. ஆகவே சகோதரன் இல்லாத பெண், அல்லது சகோதரனை இழந்த பெண், பிறந்த வீட்டின் கோட்டைகளையும் ஊர்களையும் தன் பெயரோடு சுமந்து செல்லும் வாரிசானாள். அவளை மணப்பவருக்கு அந்த நிலத்தின் வருவாயும் செல்வாக்கும் சேர்ந்தே வந்ததால், அவள் யாரை மணக்க வேண்டும் என்பது அரசியல் கேள்வியாயிற்று.

திருமணமான பெண்ணின் சட்ட உரிமைகள் கணவனின் உரிமைகளுக்குள் அடங்கிவிட்டன. அவள் கொண்டுவந்த நிலத்தைக் கணவனே ஆண்டான். அவள் தனியாக வழக்குத் தொடுக்கவோ, உடன்படிக்கை செய்யவோ, உயில் எழுதவோ பொதுவாக இயலாது. கணவன் இறந்தபின் நிலைமை தலைகீழாக மாறியது. தான் பிறந்த வீட்டுப் பங்கும் சீதனமாக வந்த நிலமும் அவளுக்கே மீண்டதோடு, கணவனின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள் முழுவதும் அனுபவிக்கும் உரிமையும் கிடைத்தது. ‘டவர்’ எனப்பட்ட இந்தக் கைம்பெண் பங்கு அவள் மறுமணம் செய்துகொண்டாலும் அவளை விட்டுப் போகாது. தன் பெயரில் முத்திரையிட்டு ஆவணம் எழுதவும், நீதிமன்றத்தில் நிற்கவும், வரவு செலவைத் தானே நடத்தவும் உயர்குடிப் பெண்ணுக்கு நடைமுறையில் முழு உரிமை தந்த நிலை கைம்மைதான்.

அந்த உரிமையை மன்னர்கள் எளிதில் விட்டுவைக்கவில்லை. செல்வமுள்ள கைம்பெண்ணைத் தமக்கு வேண்டியவருக்கு மணமுடித்துக் கொடுப்பது, செலவில்லாமல் ஆதரவாளரை வளப்படுத்தும் வழியாக இருந்தது. திருமணத்திலிருந்து தப்ப விரும்பும் பெண்ணிடம் பணம் வாங்குவதும் அரசுக்கு வருமானமாயிற்று. ஓமால் சீமாட்டி ஹாவிஸ் மூன்றாவது கணவரையும் இழந்தபின், தன் நிலத்தைப் பெறவும் நான்காவது திருமணத்துக்குக் கட்டாயப்படுத்தப்படாமல் இருக்கவும் ஜான் மன்னருக்கு 1212இல் 5000 மார்க் தர ஒப்புக்கொண்டார். மார்க் என்பது ஒரு பவுனில் மூன்றில் இரண்டு பங்கு மதிப்புள்ள கணக்கு அலகு. 1215இல் பிரபுக்கள் ஜானிடமிருந்து பெற்ற மாக்னா கார்ட்டா சாசனம், கைம்பெண் தன் பங்கைக் கட்டணமின்றிப் பெற வேண்டும், கணவன் வீட்டில் நாற்பது நாள் தங்கியிருக்கலாம், தனித்து வாழ விரும்பும்வரை அவளை மறுமணத்துக்கு வற்புறுத்தக் கூடாது என்றெல்லாம் விதித்தது. ஆனால் மன்னரின் இசைவில்லாமல் மணந்துகொள்ள மாட்டேன் என்று அவள் பிணை தர வேண்டும் என்றும் அதே சாசனம் சொன்னது. இசைவு கேட்க வேண்டிய கட்டாயம் இருந்தவரை வற்புறுத்தலுக்கும் வழி இருந்தது என்பதற்கு, அடுத்த நூற்றாண்டில் கிளேர் குடும்பப் பெண்கள் பட்ட பாடே சான்று.

கிளேர் குடும்பம் இங்கிலாந்தின் மிகப் பெரிய நிலவுடைமைக் குடும்பங்களுள் ஒன்று. கிளஸ்டர் பிரபு கில்பர்ட் டி கிளேர் 1290இல் முதலாம் எட்வர்ட் மன்னரின் மகள் ஜோனை மணந்தார். எட்வர்ட் அரியணை ஏறுமுன் சிலுவைப்போருக்குச் சென்றிருந்தபோது பாலஸ்தீனக் கரையிலுள்ள ஆக்கர் நகரில் 1272இல் பிறந்ததால் அவர் ‘ஆக்கர் ஜோன்’ எனப்பட்டார். 1295 டிசம்பரில் கில்பர்ட் இறக்கும்போது ஒரு மகனும் மூன்று மகள்களும் இருந்தனர். கடைசி மகள் எலிசபெத் பிறந்து மூன்று மாதமே ஆகியிருந்தது. சவாய் நாட்டுப் பிரபுவுக்கு ஜோனை மறுமணம் செய்துவைக்கத் தந்தை ஏற்பாடு செய்துகொண்டிருந்த வேளையில், ஜோன் தம் பணியிலிருந்த ரால்ப் டி மான்தர்மர் என்னும் எளிய வீரரை 1297இல் இரகசியமாக மணந்துகொண்டார். மன்னர் மகளின் நிலங்களைப் பறித்து, மருமகனைப் பிரிஸ்டல் கோட்டையில் அடைத்தார். பெரிய பிரபு ஏழைப் பெண்ணை மணந்தால் இழுக்கில்லை என்கையில், சீமாட்டி ஒருத்தி தகுதியுள்ள இளைஞனை உயர்த்துவது மட்டும் எப்படிக் குற்றமாகும் என்ற பொருளில் ஜோன் வாதிட்டதாகக் காலவரலாறு ஒன்று குறிக்கிறது. மன்னர் இறுதியில் இறங்கிவந்தார். தாய்க்குக் கிடைத்த இந்த வெற்றி மகள்களுக்கு வாய்க்கவில்லை.

மூத்த மகள் எலினார் 1306இல் ஹியூ டெஸ்பென்சருக்கும், இரண்டாமவர் மார்கரெட் 1307இல் புதிய மன்னர் இரண்டாம் எட்வர்டின் உயிர்த் தோழர் பியர்ஸ் கேவ்ஸ்டனுக்கும் மணமுடிக்கப்பட்டனர். எலிசபெத் 1308இல், பதின்மூன்று வயதில், அயர்லாந்தின் அல்ஸ்டர் பிரபுவின் வாரிசான ஜான் டி பர்க்கை மணந்தார். பெண்ணுக்குப் பன்னிரண்டு, ஆணுக்குப் பதினான்கு என்று திருச்சபைச் சட்டம் திருமண வயதை வைத்திருந்த காலம் அது. அயர்லாந்தில் 1312இல் வில்லியம் என்ற மகன் பிறந்தான். மறு ஆண்டே ஜான் இறந்துவிட, எலிசபெத் பதினேழு வயதில் முதல் முறை கைம்பெண்ணானார்.

அதுவரை அவர் பெரிய குடும்பத்தின் கடைசி மகள் மட்டுமே. 1314 ஜூன் 24 அன்று ஸ்காட்லாந்தின் பானக்பர்ன் போர்க்களத்தில் அவருடைய சகோதரர் கில்பர்ட் குழந்தையின்றி இறந்ததும் எல்லாம் மாறின. ஆண்டுக்கு ஏறத்தாழ 6000 பவுன் வருவாயுள்ள கிளேர் நிலங்கள் மூன்று சகோதரிகளுக்கும் உரியவையாயின. இறந்தவரின் மனைவி தாம் கருவுற்றிருப்பதாகச் சொல்லிவந்ததால், இயற்கை அனுமதிக்கும் காலம் கடந்த பிறகும் பங்கீடு இழுத்தடிக்கப்பட்டு 1317இல்தான் முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் மன்னர் எலிசபெத்தை இங்கிலாந்துக்கு வரவழைத்துப் பிரிஸ்டல் கோட்டையில் வைத்திருந்தார். 1316 பிப்ரவரியில், அயர்லாந்தில் மன்னரின் பிரதிநிதியாக இருந்த தியோபால்ட் டி வெர்டன் அவரை அங்கிருந்து கொண்டுபோய் மணந்துகொண்டார். தங்களுக்குள் முன்பே நிச்சயம் நடந்திருந்தது, எலிசபெத் தாமாகவே கோட்டையை விட்டு வந்தார் என்று வெர்டன் வாதிட்டார். எலிசபெத்தின் வாய்மொழி பதிவாகவில்லை. வாரிசுப் பெண்ணைக் கடத்துவது அக்காலத்தில் மன்னருக்கு இழைத்த இழப்பாகவே முதலில் பார்க்கப்பட்டது என்பதால், அவளுடைய மனம் என்ன என்று கேட்கும் தேவை விசாரித்தவர்களுக்கு எழவில்லை.

வெர்டன் ஆறு மாதத்துக்குள் நோயுற்று இறந்தார். கருவுற்றிருந்த எலிசபெத், தம் சிற்றன்னை மேரி துறவியாக இருந்த அமெஸ்பரி கன்னியர் மடத்தில் தங்கி, 1317 மார்ச்சில் இசபெல்லா என்ற மகளைப் பெற்றெடுத்தார். அந்த மடத்திலும் அவருக்கு அமைதி இல்லை. தம் அன்புக்குரிய ராஜர் டாமரி என்ற சிறிய நிலக்காரரை மணக்கும்படி தாய்மாமனான மன்னர் வற்புறுத்தினார். பிள்ளை பெற்ற சில வாரங்களில் மூன்றாம் திருமணம் நடந்தது. கேவ்ஸ்டன் 1312இல் கொல்லப்பட்டபின் கைம்பெண்ணாக இருந்த மார்கரெட்டும் அதே ஆண்டில் ஹியூ ஆட்லி என்ற மற்றொரு அரசவை வீரருக்குக் கொடுக்கப்பட்டார். மூன்று சகோதரிகளுக்கும் கணவர்கள் அமைந்த பிறகே கிளேர் நிலங்கள் பிரிக்கப்பட்டன என்பதிலிருந்து பங்கீடு உண்மையில் யாருக்காக நடந்தது என்பது விளங்கும்.

மூத்தவரின் கணவர் டெஸ்பென்சர் தம் பங்கோடு நிறைவடையவில்லை. மன்னரின் முழு நம்பிக்கையையும் பெற்றிருந்த அவர், வேல்ஸின் தென்பகுதி முழுவதையும் தம் கைக்குள் கொண்டுவர முயன்றபோது, மைத்துனிகளின் கணவர்கள் இருவரும் அவருக்கு எதிராக ஆயுதம் ஏந்தினர். 1322 மார்ச்சில் டாமரி காயமுற்று டட்பரியில் இறந்தார். வேல்ஸிலுள்ள அஸ்க் கோட்டையில் குழந்தைகளோடு பிடிபட்ட எலிசபெத் லண்டனுக்கருகே பார்க்கிங் மடத்திலும், மார்கரெட் செம்ப்ரிங்கம் மடத்திலும் காவலில் வைக்கப்பட்டனர். தமக்கைக்கும் தங்கைகளுக்கும் நடுவே ஒரு கணவரின் பேராசை நின்றது. எலினார் அதற்கு எவ்வளவு உடன்பட்டார் என்பதை ஆவணங்களைக் கொண்டு தீர்மானிக்க முடியாது.

எலிசபெத்தின் ஆளுமை முதன்முதலாக அவருடைய சொல்லிலேயே வெளிப்படுவது இந்தக் கட்டத்தில்தான். வளமான அஸ்க் ஆட்சிப்பகுதியை டெஸ்பென்சருக்குக் கொடுத்துவிட்டு, மதிப்புக் குறைந்த கௌவர் பகுதியைப் பெற்றுக்கொள்ளும்படி அவர் நெருக்கப்பட்டார். மன்னர் அழைப்பின் பேரில் யார்க் நகருக்குச் சென்றவரை ஆலோசகர்களிடமிருந்து பிரித்துத் தனியே வைத்து, எல்லா நிலத்தையும் இழக்க நேரிடும் என்று அச்சுறுத்தி, ஆவணத்தில் முத்திரையிடச் செய்தனர். பிறகு கௌவரும் ஒரு வழக்கின் வழியே அவரிடமிருந்து பறிபோனது. 1326இல், டெஸ்பென்சரின் அதிகாரம் உச்சத்தில் இருந்தபோதே, நடந்த அனைத்தையும் வரிசையாக விவரித்து, தம் இசைவு அச்சத்தால் பெறப்பட்டது, ஆகவே செல்லாது என்று அறிவிக்கும் இரகசியப் பத்திரம் ஒன்றை எலிசபெத் எழுதச் செய்து காத்துவைத்தார். வெளியே தெரிந்திருந்தால் பேராபத்து விளைவித்திருக்கக்கூடிய செயல் அது. பிற்காலத்தில் நீதி கேட்கும் நாள் வரும், அன்று எழுத்துச் சான்று வேண்டும் என்று முப்பது வயதில் கணித்திருந்த அவருடைய துணிவும் தெளிவும் வியப்பூட்டுபவை.

அந்த நாள் சில மாதங்களிலேயே வந்தது. மன்னரின் மனைவி இசபெல்லாவின் நிலங்களே 1324இல் பறிமுதலாகியிருந்தன. அரசிக்கும் தன் சொத்தின்மேல் உறுதியான பிடி இல்லை என்பதை அது காட்டியது. பிரான்சுக்குத் தூது சென்ற இசபெல்லா, 1326 செப்டம்பரில் படையோடு திரும்பிவந்து கணவரின் ஆட்சியைக் கவிழ்த்தார். டெஸ்பென்சர் நவம்பரில் ஹியர்ஃபோர்டு நகரில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய மனைவி எலினார் லண்டன் டவர் கோட்டையில் அடைக்கப்பட, மகள்களில் மூவர் கட்டாயமாகத் துறவறம் பூணவைக்கப்பட்டனர். விடுதலையான எலினாரை வில்லியம் லா சூஷ் என்பவர் 1329இல் கடத்தி மணந்தார். மார்கரெட்டின் ஒரே வாரிசான மகளை ரால்ப் ஸ்டாஃபோர்டு 1336இல் கடத்திச் சென்றார். ஒரே குடும்பத்தில் இருபது ஆண்டுகளுக்குள் மூன்று கடத்தல்கள். மூன்றிலும் கடத்தியவர் மனைவியைத் தக்கவைத்துக்கொண்டார்.

எலிசபெத் அஸ்க்கை மீட்டார், நான்காவது திருமணத்தைத் தவிர்த்தார். 1322இல் இருபத்தாறு வயதில் தொடங்கி 1360இல் இறக்கும்வரை முப்பத்தெட்டு ஆண்டுகள் அவர் தனித்து ஆண்டார் என்பதே அவர் வரலாற்றின் மையம். பின்னாளில் கற்பு நோன்பும் ஏற்றார். அது இறைப்பற்றின் வெளிப்பாடுதான் என்றாலும், மணம் பேச வருபவர்களுக்கும் மன்னருக்கும் எதிராக நின்ற வலிமையான வேலியும் அதுவே. கிழக்கு இங்கிலாந்தில் கிளேர் நிலங்கள், தெற்கே டார்செட்டில் சில ஊர்கள், வேல்ஸில் அஸ்க், மூன்று கணவர்கள் வழியாகக் கிடைத்த பங்குகள் என அவருடைய உடைமை இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்து மூன்றிலும் பரவியிருந்தது. முதற்கணவரின் குடும்பப்பெயரான ‘டி பர்க்’கைத் தாங்கியிருந்தாலும் ‘கிளேர் சீமாட்டி’ என்றே தம்மை அழைத்துக்கொண்டார்.

அவருடைய இல்லத்தின் கணக்குச் சுருள்கள் பெருந்தொகையாக இன்றும் இங்கிலாந்தின் தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ளன. இல்லம் என்றால் உறவினர் கூடிவாழும் வீடு மட்டுமல்ல. வீரர்கள், எழுத்தர்கள், குருமார், சமையல்காரர், தையல்காரர், குதிரைக்காரர், வேட்டைப் பருந்து வளர்ப்போர், ஏவலாட்கள் என நூற்றுக்கு மேற்பட்டோர் சீமாட்டியோடு கோட்டைக்குக் கோட்டை நகரும் நிறுவனம். ஒவ்வொருவருக்கும் தகுதிக்கேற்ற தரத்தில் ஆண்டுதோறும் துணி வழங்கப்பட்டது. ‘லிவரி’ எனப்பட்ட இந்தச் சீருடைத் துணியின் பட்டியலிலேயே யார் எந்தப் படிநிலையில் நின்றார் என்பது தெரிந்துவிடும். நிலத்தை மேற்பார்க்கக் காரியஸ்தர்கள், வருவாயைத் திரட்டப் பொருளாளர்கள், ஆண்டுதோறும் ஊர் ஊராகச் சென்று கணக்கைச் சோதிக்கத் தணிக்கையாளர்கள், சட்டச் சிக்கல்களில் அறிவுரை சொல்ல ஓர் ஆலோசனைக் குழு என அமைந்த நிர்வாகத்தின் தலைமையில் அவர் இருந்தார்.

இப்படி நிர்வகிக்கப் பெண்களுக்கு வழிகாட்டும் எழுத்துகளும் இருந்தன. லிங்கன் நகர ஆயர் ராபர்ட் குரோஸ்டெஸ்ட், 1240இல் கணவரை இழந்த லிங்கன் சீமாட்டி மார்கரெட்டுக்காக எழுதிய விதித் தொகுப்பு, நிலத்தின் விளைச்சலையும் இல்லத்தின் தேவையையும் ஒப்பிட்டு ஆண்டைத் திட்டமிடுவது முதல், தனி அறையில் உண்ணாமல் பெருங்கூடத்தில் எல்லோரும் காண அமர்ந்து உண்பது வரை பேசுகிறது. சீமாட்டியின் கண்ணுக்குத் தெரிவதே ஒழுங்கைக் காக்கும் என்பது அதன் உள்ளார்ந்த கருத்து. அதே நூற்றாண்டில் வால்ட்டர் டி பிபஸ்வொர்த் ஒரு சீமாட்டியின் பிள்ளைகள் பிரெஞ்சு கற்பதற்காகச் செய்யுள் வடிவில் சொல்விளக்க நூல் எழுதிக்கொடுத்தார். வாசிக்கவும் கணக்கைக் கேட்டு எடைபோடவும் தெரியாத பெண்ணால் அக்காலப் பெரும் பண்ணையை நடத்தியிருக்க முடியாது. கணவர்கள் போருக்கும் அரசவைக்கும் போய்விடுவதால் மனைவியருக்கும் இந்தப் பயிற்சி தேவைப்பட்டது. கோட்டைக் காவலும் அதில் அடக்கம். 1217இல் முதுமையிலும் லிங்கன் கோட்டையை முற்றுகைக்கு விட்டுக்கொடுக்காமல் காத்த நிக்கோலா டி லா ஹே பரம்பரை உரிமையாகவே அந்தப் பொறுப்பை வகித்தவர்.

எலிசபெத்தின் சமையலறைக் கணக்குகள் நாளின் போக்கைக் காட்டுகின்றன. வெள்ளியும் சனியும், பெரும்பாலும் புதனும், உயிர்த்த ஞாயிறுக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் முழுவதும் இறைச்சி விலக்கப்பட்டதால், உப்பிட்ட ஹெர்ரிங் மீனும் காற்றில் உலர்த்திய பெரிய கடல்மீனும் மொத்தமாக வாங்கிவைக்கப்பட்டன. ரொட்டியும் பார்லி மதுவும் இல்லத்திலேயே தயாராயின. திராட்சை மது பிரான்சின் காஸ்கனிப் பகுதியிலிருந்து கப்பலேறியது. மிளகும் இஞ்சியும் லண்டன் வணிகரிடமும் சந்தைகளிலும் வாங்கப்பட்டன. மலபார்க் கரையில் விளைந்த மிளகு, அரேபியக் கடலையும் எகிப்தையும் வெனிஸ் நகரையும் கடந்து சஃபோக் மாவட்டத்துக் கோட்டையொன்றின் சமையலறைக்கு எட்டியது. தந்தையின், கணவர்களின் நினைவு நாள்களில் ஏழைகளுக்கு உணவும் காசும் வழங்கப்பட்டதையும் அதே சுருள்கள் குறித்துவைத்திருக்கின்றன.

இந்தச் செல்வம் யாருடைய உழைப்பிலிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊரை விட்டு நீங்க உரிமையில்லாமல், வாரத்தில் குறிப்பிட்ட நாள்கள் சீமாட்டியின் சொந்த வயலில் கூலியின்றி உழைத்து, மகளைக் கட்டிக்கொடுக்கவும் கட்டணம் செலுத்திய பண்ணைக் குடியானவர்களே அதன் அடித்தளம். தம் திருமணத்தில் பிறர் கைவைத்த கொடுமையை மூன்று முறை அனுபவித்த எலிசபெத்தின் பண்ணைகளிலும் குடியானவப் பெண்ணின் திருமணம் வருவாய் இனமாகவே இருந்தது. 1348, 1349இல் பரவிய கொள்ளைநோய் அந்தக் குடிகளில் பெரும்பகுதியைக் கொண்டுபோனது.

அறிவுலகத்துக்கு அவர் விட்டுச்சென்றது கேம்பிரிட்ஜில் நிற்கிறது. 1326இல் தொடங்கப்பட்டு வருவாயின்றித் தடுமாறிய ஒரு மாணவர் இல்லத்தை 1338இல் ஏற்று, நிலக்கொடை அளித்து மறுபடி நிறுவினார். அதுவே இன்றைய கிளேர் கல்லூரி. 1359இல் அவர் வழங்கிய சட்டதிட்டம், கொள்ளைநோயில் கற்றவர்கள் அழிந்த குறையை நினைவுபடுத்தி, ஏழைச் சிறுவர் பத்துப் பேரை இருபது வயதுவரை ஆதரித்துப் படிப்பிக்கவும் வழிசெய்தது. கிளேர், டி பர்க் குடும்பச் சின்னங்களை இணைத்து, கறுப்பு விளிம்பில் பொன்னிறக் கண்ணீர்த் துளிகளைப் பதித்த கேடயம் கல்லூரியின் சின்னமாயிற்று. தம் கைம்மையை அவர் மறைக்கவில்லை, அதையே அதிகாரத்தின் முத்திரையாக வைத்தார். அவருடைய நெருங்கிய தோழியும் நெடுங்காலக் கைம்பெண்ணுமான பெம்புரோக் சீமாட்டி மேரி 1347இல் அதே நகரில் தம் பெயரில் இன்னொரு கல்லூரியை நிறுவினார். இரண்டுமே ஆண்களுக்காக நிறுவப்பட்டவை. கிளேர் கல்லூரி 1972இல்தான் மாணவியரைச் சேர்த்துக்கொண்டது.

ஒரே மகன் வில்லியம் 1333இல் அயர்லாந்தில் கொலையுண்டபோது அவருக்கு மிஞ்சியது ஒரு கைக்குழந்தை மகள். அந்தப் பேத்தியும் எலிசபெத் என்றே பெயர் பெற்றவர். மூன்றாம் எட்வர்ட் மன்னர் தம் மகன் லயனலுக்கு அவரை மணமுடித்து, அல்ஸ்டர் நிலங்களையும் கிளேர் நிலங்களையும் அரச குடும்பத்துக்குள் கொண்டுவர 1342இலேயே ஏற்பாடு செய்துவிட்டார். 1360 நவம்பர் 4 அன்று சீமாட்டி இறந்து, லண்டன் மதிலுக்கு வெளியே மைனரீஸ் கன்னியர் மடத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே எழுதிய உயிலில் பணியாளர்கள் பலரைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்திருந்தார். 1362இல் லயனலுக்குக் கிடைத்த ‘கிளாரன்ஸ்’ என்ற புதிய பட்டம் கிளேர் என்ற ஊர்ப்பெயரிலிருந்து உருவானது. லயனலின் ஒரே மகள் பிலிப்பா வழியாக அந்த நிலமும் இரத்த உரிமையும் மார்ட்டிமர் குடும்பத்துக்கும், அங்கிருந்து ஆன் மார்ட்டிமர் என்னும் பெண் வழியாக யார்க் குடும்பத்துக்கும் சென்றன. 1461இல் நான்காம் எட்வர்ட் அரியணை ஏறியபோது, தம் உரிமைக்கு அடிப்படையாகக் காட்டியது பிலிப்பாவின் வழிவந்த இந்த மரபையே. கிளேர் நிலங்கள் அவரோடு அரசுடைமையாயின.